புதுப்பிப்பு: ஒரே பீர், பாட்டிலுக்குப் பாட்டில் வேறு நுரை

முன்பு கேட்டிருந்தது நினைவிருக்கும்: வீட்டில் காய்ச்சிய ஒரே பீரை ஒரே நாளில் அடைத்தும், கிரவுன் மூடி (பல் விளிம்புள்ள தகர மூடி) போட்டவை நன்றாக நுரைத்தன, ரப்பர் வளையத்தோடு கம்பியால் இறுக்கும் கம்பி மூடி பாட்டில்களில் சில சப்பென்று கிடந்தன. நுரைக்காக அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரை சரியாகக் கலக்கவில்லை என்றுதான் பலரும் சொன்னீர்கள். இந்தத் தடவை லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையைப் பாகாக்கி, மொத்த பீரிலும் கலந்த பிறகே அடைத்தேன். அப்படியும் அதே கதைதான்.

சிக்கல் ரப்பர் வளையத்தில். சப்பென்றிருந்த பாட்டில்களின் வளையத்தைக் கழற்றி விரலால் மடக்கினால் முடி அளவுக்கு வெடிப்புகள். அந்தச் சர்க்கரையிலிருந்து ஈஸ்ட் உண்டாக்கும், நுரைக்குக் காரணமான கார்பன் டை ஆக்சைடு அந்த வழியாகவே போய்விடுகிறது. புது வளையம் மாட்டியதைத் திறந்தேன், 'டப்'!

பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு வசதி, அமுக்கிப் பார்த்தே அழுத்தம் ஏறியதைச் சொல்லிவிடலாம். ஆனால் பிளாஸ்டிக் வழியே வாயு மெல்ல வெளியேறும், மாதக்கணக்கில் வைக்க லாயக்கில்லை.

ஒயின் பாட்டில் ஆகுமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம்பா. சாதாரண ஒயின் பாட்டில் அழுத்தம் தாங்கச் செய்ததல்ல, வெடித்தால் கண் போய்விடும்.

திறந்ததும் நுரை பொங்கி, கிளாஸில் உடனே அடங்கிவிடுகிறது என்பவர்கள் கிளாஸைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது.

கிரவுன் மூடி அடிக்கும் கருவியை விற்கிற யோசனையைக் கைவிட்டாச்சு.