1968 அம்பாசிடருக்கு எவர்சில்வர் பம்பர்: துளை பொருந்தவில்லை, தகட்டை வெட்டலாமா?

கேள்வி: ஆழியாற்றுக்காரர், பொள்ளாச்சி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பாரு வாங்கி, அப்பா இருபத்தைந்து ஆண்டுகள் ஓட்டி, இப்போது என் பொறுப்பில் இருக்கும் 1968-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2 வண்டிக்கு முன் பம்பர் மாற்ற வேண்டியிருக்கிறது. பழைய பம்பரின் முலாம் கீழ் விளிம்பிலிருந்து செதில் செதிலாக உரிந்துவிட்டது. உட்புறத்தில் விரலால் வழித்தால் துரு பொரிபொரியாகக் கையோடு வருகிறது. உத்தரபாரா ஆலையில் தயாரிப்பு நின்றே 2014 முதல் இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டதால், பழைய வடிவத்தைப் பார்த்து எவர்சில்வரில் செய்து தரும் ஓரிடத்தில் பம்பரும், அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் காப்புக் கொம்புகளான இரண்டு ஓவர்ரைடர்களும் சொல்லி வாங்கினேன்.

பொருள் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் வண்டியில் வைத்துப் பார்த்தபோது, இடப்பக்கத் துளைகள் பம்பரை வண்டியோடு பிடிக்கும் தாங்கு பட்டையின் துளைகளோடு நேராக அமைய, வலப்பக்கத் துளையோ பட்டையின் துளையைவிட 6 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. அதை இழுத்துப் பிடித்து முடுக்கினால், வலது முனை இடது முனையைவிட 9 மி.மீ. அளவுக்கு மட்கார்டை ஒட்டிப் போய்விடுகிறது. இன்னொன்று, தகட்டின் நடுப்பகுதியில் ஒட்டாத காந்தம் வளைந்த முனைகளில் மட்டும் இலேசாகப் பிடிக்கிறது. விற்றவரிடம் கேட்டதற்கு, துளையைப் பெரிதாக்கித்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊர் டிங்கர் கேஸ் வைத்து வெட்டித் தருவதாகச் சொல்கிறார். வெட்டிவிட்டால் திருப்பி அனுப்பவும் முடியாது. தகடு கலப்படமானதா, வெட்டுவதற்கு முன் நான் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: பழைய வண்டிப் பிரியன், ஈரோடு

பழைய பம்பரைத் தயவுசெய்து காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தகட்டில் ஓட்டை விழாமல் வெறும் குழிகள் மட்டும் இருந்தால், பழைய முலாமை உரித்து, செம்பு முலாம் ஏற்றிக் குழிகளை நிரப்பித் தேய்த்து, அதன்மேல் நிக்கலும் கடைசியாகக் குரோமியமும் பூசி மீட்டுவிடலாம். நம் கண்ணுக்குத் தெரியும் நீலப் பளபளப்பைத் தரும் குரோமியப் படலம் ஒரு மைக்ரானில் பாதிகூட இருக்காது. துருவைத் தடுத்து நிற்பது அடியிலுள்ள நிக்கல்தான். நிக்கலில் மிச்சம் பிடிக்கும் பட்டறையில் கொடுத்தால் இரண்டே மழைக்காலத்தில் மறுபடி உரியும். முலாம் உட்புறத்துக்குச் சரியாக ஏறுவதில்லை என்பதால், வேலை முடிந்து வந்ததும் பின்பக்கத்துக்கு நல்ல பெயிண்ட் இரண்டு கை அடித்துவிட வேண்டும்.

எவர்சில்வரின் நிறம் குரோமியத்தைவிடச் சற்று மஞ்சள் சாயல் உடையது. தனியாகப் பார்க்கும்போது தெரியாது. விளக்கு வளையங்களுக்குப் பக்கத்தில் காலை வெயிலில் நிறுத்திப் பார்த்தால் தெரியும். அது உங்களுக்கு உறுத்துமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி 50 ஆண்டுகளைக் கடந்துவிட்டதால், 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதியின்படி ‘விஏ’ எழுத்துகள் கொண்ட பழங்கால வண்டிப் பதிவுக்கு நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கலாம். சேசிஸ், கூடு, இஞ்சின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதே வடிவப் பம்பர் இவற்றில் எதையும் தொடவில்லை என்றாலும், அசல் பம்பர் கையில் இருப்பது நல்லது. அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது என்பதையும் சேர்த்து யோசித்து முடிவெடுங்கள்.

பதில்: கணபதி பட்டறை, கோவை

தம்பி, கேஸ் வைத்து வெட்டவே வேண்டாம். ஒரு பக்கம் சரியாக உட்கார்ந்து மறுபக்கம் மட்டும் விலகுகிறது என்றால், பம்பரைச் சந்தேகப்படுவதற்கு முன் வண்டியைச் சந்தேகப்பட வேண்டும். நீங்கள் சொன்ன இரண்டு அளவுகளையும் சேர்த்துப் பாருங்கள். வலப்பக்கப் பட்டையின் துளை உள்ளே தள்ளி இருக்கிறது, அந்தப் பக்கம் பம்பர் பின்னாலும் போகிறது. அப்படியென்றால் வலது மூலையில் எப்போதோ வாங்கிய அடியில் அந்தத் தாங்கு பட்டை பின்னோக்கியும் உட்புறமாகவும் மடிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் பம்பரைத் தட்டி நிமிர்த்தியவர்கள், முன்னால் நின்று பார்த்தால் தெரியாத பட்டையை அப்படியே விட்டிருப்பார்கள். பழைய பம்பரும் அதற்கேற்ப வளைந்து பழகியிருக்கும், ஆகவே குறை இதுவரை வெளியே தெரிந்திருக்காது.

இதைச் சோதிக்க பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, இரண்டு பட்டைகளின் முனைத் துளைகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். முன் சஸ்பென்ஷனின் போல்ட்டு ஒன்றை இடத்திலும் அதற்கு இணையானதை வலத்திலும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்தும் புள்ளிகளை இறக்குங்கள். பிறகு வண்டியை நகர்த்திவிட்டு, இடது முன் புள்ளிக்கும் வலது பின் புள்ளிக்கும் உள்ள குறுக்களவையும், வலது முன் புள்ளிக்கும் இடது பின் புள்ளிக்கும் உள்ள குறுக்களவையும் டேப்பில் பாருங்கள். இரண்டும் 2, 3 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் வண்டி நேராக இருக்கிறது. விலகினால், பட்டையைக் கழற்றி மறுபக்கப் பட்டையோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். பட்டை மட்டும் வளைந்திருந்தால், அதைக் கழற்றிய நிலையில் சூடேற்றி நிமிர்த்திவிடலாம். பட்டை நேராக இருந்து, அது பிடிக்கும் நீளவாட்டுக் கூடு வளைந்திருந்தால் பம்பர் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, கூடே சேசிஸ் என்பதால் அதைத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

மாட்டும்போது மேலே ஒட்டியிருக்கும் பாலிதீனை உரிக்க வேண்டாம். எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் மட்டும் முடுக்கி, ஓவர்ரைடர்களையும் இடையில் வரும் ரப்பர் பீடிங்கையும் சேர்த்தே வையுங்கள், ஏனென்றால் ஓவர்ரைடரின் போல்ட்டு தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். அட்டைத் துண்டுகளை மடித்து மட்கார்டுக்கும் பம்பருக்கும் இடையே செருகி இரு பக்கமும் ஒரே இடைவெளியை நிறுத்திக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். அதற்குப் பிறகும் மிச்சம் விலகினால், பட்டையின் துளையை அரத்தால் நீளவாக்கில் ராவுங்கள், பம்பரின் துளையில் கை வைக்காதீர்கள். பட்டை கறுப்பு இரும்பு, பின்னால் அதை அடைத்துப் புதிதாகத் துளைக்கலாம்.

பழைய மரை அங்குல மரை. 5/16 அங்குலப் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. என்பதால் கடையில் 8 மி.மீ. போல்ட்டை எடுத்துக் கொடுப்பார்கள், அதுவும் இரண்டு சுற்று நன்றாகவே ஏறும், மூன்றாவது சுற்றில் மரை வழுக்கிவிடும். பழைய போல்ட்டைக் கையில் கொண்டுபோய் நட்டோடு போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

பதில்: தகட்டு வேலைக்காரன், அனுப்பர்பாளையம்

பாத்திர வேலையில் முப்பது ஆண்டுகள் இருப்பவன் என்ற முறையில் தகட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வளைந்த இடத்தில் மட்டும் காந்தம் இலேசாகப் பிடிப்பதை வைத்துத் தகடு மோசம் என்று சொல்ல முடியாது. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 தகடு காந்தத்துக்கு ஒட்டாது. ஆனால் அதைக் குளிர்ந்த நிலையில் அழுத்தி வளைக்கும்போது, வளைவில் உலோகத்தின் உள்ளமைப்பு மாறிக் கொஞ்சம் காந்தத் தன்மை வந்துவிடும். நாங்கள் இழுத்துச் செய்யும் குடத்தின் விளிம்பிலும் அப்படித்தான் பிடிக்கும். எல்லா இடத்திலும் பளிச்சென்று ஒட்டினால்தான் அது நிக்கல் இல்லாத 430 வகை என்று சந்தேகப்பட வேண்டும்.

காந்தத்தால் கண்டுபிடிக்க முடியாதது 202. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்த அந்தத் தகடும் காந்தத்துக்கு ஒட்டாது, பளபளப்பிலும் வேறுபாடு தெரியாது, ஆனால் துருப்புள்ளி சீக்கிரம் வந்துவிடும். தகட்டுக் கடைகளில் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு, சிறிய பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பார்கள். 202 என்றால் சொட்டு சிவப்பாக மாறும். பின்பக்கத்தில் விட்டுப் பாருங்கள், முன்பக்கத்தில் கறை விழும். வெர்னியர் வைத்துத் தகட்டின் கனத்தையும் பழைய பம்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெல்லிய தகடாக இருந்தால், வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய நினைப்பவர்களிடம் பம்பரில் கை வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்காவது துளை போட்டே ஆக வேண்டுமென்றால், மெதுவான வேகத்தில், விடாத அழுத்தத்தில், கோபால்ட் பிட்டும் கட்டிங் ஆயிலும் வைத்துப் போடுங்கள். பிட் வெறுமனே உரசிக்கொண்டு சுற்றினால் அந்த இடம் இறுகிப்போய் அடுத்த பிட்டும் முனை மழுங்கும். பக்கத்தில் யாரும் இரும்பைச் சாணை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பறக்கும் பொறி எவர்சில்வர்மேல் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்து, பத்து நாளில் மிளகு தூவியது போலத் துருப்புள்ளியாக எழும். தகட்டைக் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பலரிடம் நான் பார்த்தது அந்த இரும்புத் தூளைத்தான். இதே காரணத்துக்காகத்தான் இரும்பு ராவிய அரத்தையும் கம்பி பிரஷ்ஷையும் இதில் தொடக்கூடாது.

போல்ட்டும் எவர்சில்வராகவே இருக்கட்டும். பெரிய எவர்சில்வர் தகட்டில் சிறிய இரும்புப் போல்ட்டைப் போட்டால், மழைநீர் பட்டதும் இரும்புதான் அரித்துக்கொண்டே போகும். எவர்சில்வர் நட்டும் போல்ட்டும் காய்ந்த நிலையில் ஒன்றையொன்று பிடித்துப் பூட்டிக்கொள்ளும் என்பதால், மரையில் இறுக்கம் பிடிக்காத கிரீஸ் தடவி, மின்சாரச் சாவி இல்லாமல் கையால் முடுக்குங்கள். கறுப்புப் பட்டைக்குப் பெயிண்ட் அடித்து, பட்டைக்கும் பம்பருக்கும் நடுவே சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்தாலே போதும்.

வெயிலில் எவர்சில்வர் கூடுதலாக விரியும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். இரும்பைவிடக் கூடுதலாக விரிவது உண்மைதான். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 40 டிகிரி வேறுபாட்டில் அந்தக் கூடுதல் 0.3 மி.மீ. அளவுதான் வரும். துளைக்குள் இருக்கும் இடைவெளியே அதற்குப் போதும்.

மீண்டும்: ஆழியாற்றுக்காரர், பொள்ளாச்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று தோட்டத்துச் சாளையின் களத்தில் வண்டியை நிறுத்தி, கணபதி அண்ணா சொன்னபடியே தூக்குக்குண்டு விட்டு அளந்தேன். குறுக்களவுகள் இரண்டுக்கும் 8 மி.மீ. வேறுபாடு இருந்தது. வலப்பக்கப் பட்டையைக் கழற்றி இடப்பக்கப் பட்டையின்மேல் வைத்ததும், முனையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வளைவு தெரிந்தது. அப்பாவிடம் காட்டியபோது சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் பிறப்பதற்கு முன் உடுமலைச் சாலையில் ஒரு மைல்கல்லில் மோதியதையும், அப்பாருக்குத் தெரியாமல் பம்பரை மட்டும் நிமிர்த்தி வாங்கி வந்ததையும் சொன்னார்.

லேத்துப் பட்டறையில் பட்டையைச் சூடேற்றி நிமிர்த்தி மாட்டிய பிறகு, வலப்பக்கத் துளை 1 மி.மீ. மட்டுமே விலகியது, அதையும் பட்டையின் துளையை ராவியதில் சரிசெய்துவிட்டோம். மட்கார்டு இடைவெளி இரு பக்கமும் இப்போது ஒரே அளவாக நிற்கிறது. சொட்டுச் சோதனையில் நிறம் மாறவில்லை. பழைய பம்பரின் உட்புறத் துருவைச் சுரண்டி எண்ணெய் தடவி, கோணிச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு, போல்ட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்த்தபின் படத்தோடு எழுதுகிறேன்.