தலை என்னுடையது, ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் ஏன்?

மேடைப்புறா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரிப் பட்டிமன்றத்துக்கு "கட்டாய ஹெல்மெட்: உயிர்க்காப்பா, தனிமனிதச் சுதந்திரத்தில் தலையீடா?" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எங்கள் அணி தலையீடு பக்கம். என் தலை உடைந்தால் எனக்குத்தானே வலி, அடுத்தவருக்கு என்ன நஷ்டம் என்பதுதான் எங்கள் மூலவாதம். இந்த வாதத்தை ஏற்றுக்கொண்ட நாடு ஏதாவது உண்டா?

இன்னொன்று. முடி கொட்டும், காது கேட்காது, கழுத்து வலிக்கும், ஊருக்குள்ளே முப்பதில் போகிறவனுக்கு எதற்கு, பின்னால் உட்காருகிற பெண்களுக்கு எதற்கு என்றெல்லாம் சொல்கிறார்களே, இதில் எது உண்மை, எது சும்மா பேச்சு? எதிரணி எழுந்து ஒரே கேள்வியில் மடக்கிவிடக் கூடாது. எண்ணோடு சொன்னால் பெரிய உதவி.

சட்டப்பலகை:

உங்களுக்கு வேண்டிய நாடு அமெரிக்கா. 1966-ல் மத்திய அரசு, ஹெல்மெட் சட்டம் போடாத மாநிலத்துக்குச் சாலை நிதியை வெட்டுவோம் என்றது. பத்து ஆண்டுக்குள் அநேகமாக எல்லா மாநிலமும் சட்டம் போட்டன. 1976-ல் அந்த நிதி வெட்டை நாடாளுமன்றம் எடுத்துவிட்டதும், "ஓட்டுகிறவனே முடிவு செய்யட்டும்" என்று பைக் சங்கங்கள் கிளம்ப, பல மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்தின. மிச்சிகன் 2012-ல் தளர்த்தியது. அங்கே 21 வயது நிரம்பியவர், குறைந்தது 20,000 டாலருக்கு மருத்துவக் காப்பீடும் போதிய ஓட்டும் அனுபவமோ பயிற்சியோ வைத்திருந்தால் வெறுந்தலையோடு போகலாம். மேடையில் இதைத்தான் முன்னே வையுங்கள். சுதந்திரம் வேண்டும், அதற்கான செலவையும் நானே ஏற்கிறேன் என்று சொல்கிற வாதம் இது, நேர்மையானது.

ஆனால் "அடுத்தவருக்கு என்ன நஷ்டம்" என்ற கேள்விக்கு அதே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1972-லேயே நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. விழுந்த நிமிடத்திலிருந்து அவரைச் சாலையிலிருந்து தூக்குவதும், ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும், வைத்தியம் பார்ப்பதும், பிறகு வேலைக்குப் போக முடியாவிட்டால் தாங்குவதும் சமூகம்தான். ஆகவே அது அவர் ஒருவர் பாடு மட்டும் அல்ல என்பது சாரம். எதிரணியில் படித்தவர் ஒருவர் இருந்தால் இதைக் கையில் வைத்திருப்பார். தலையீடு என்ற சொல்லையே பிரித்து, "தலையை ஈடு வைப்பது, மீட்க வேண்டியவர்கள் வீட்டார்" என்று சொல்லிக் கைதட்டும் வாங்குவார். தயாராக இருங்கள்.

பிரிட்டனில் 1973 ஜூன் 1 முதல் கட்டாயம். நாடாளுமன்ற உறுப்பினர் ஈனோக் பவல் சுதந்திரத்தின் பேரால் அதை எதிர்த்துப் பேசினார். தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு 1976-ல் தனிச்சட்டம் போட்டு விலக்கு கொடுத்தார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவிலும் அந்த விலக்கு உண்டு. அங்கே விலக்குக்கு அடிப்படை மத நம்பிக்கை. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதை அதே தட்டில் வைத்தால் நிற்காது.

சிரிக்க ஒரு செய்தியும் தருகிறேன். மேற்கு ஜெர்மனி 1980-ல் ஹெல்மெட் இல்லாதவருக்கு அபராதம் போட ஆரம்பித்தது. அந்த ஆண்டு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986-ல் சுமார் 54 ஆயிரமாக இறங்கியது. கண்ட இடத்தில் வண்டியைக் கிளப்புகிற திருடன் கையில் ஹெல்மெட்டோடு வருவதில்லை. வெறுந்தலையோடு போனால் முதல் முக்கிலேயே போலீஸ் நிறுத்திவிடும். அரங்கம் இதை ரசிக்கும், ஆனால் உங்கள் அணிக்கு உதவாது.

பட்டறைப்பக்கம்:

ஊருக்குள் மெதுவாகப் போகிறவனுக்கு எதற்கு என்ற பேச்சை மேடையேற்றாதீர்கள். வண்டியில் உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து எது விழுந்தாலும் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 19 கி.மீ. சிக்னலில் நிற்கிற வண்டி சாய்ந்தாலும் இதே கணக்குதான். முப்பதில் போனால் முன்பக்க வேகம் இதோடு சேரும்.

மண்டை நேராகத் தாரில் மோதினால் ஓரிரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கிற தெர்மகோல் அடுக்கு 25 முதல் 35 மி.மீ. தடிமன், அது நசுங்கிக்கொண்டே தலையை நிறுத்துகிறது. நிற்கிற தூரம் பத்து மடங்கு கூடினால் சராசரி விசை பத்தில் ஒன்று. வெளி ஓடு கல் குத்தாமல் பார்த்துக்கொள்ளும், அடியைப் பரப்பும். மூளையைக் காப்பது அந்த வெள்ளைத் தெர்மகோல்தான். அது ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது. அதனால் பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். கண்ணாடிக் கம்பியில் மாட்டித் தொங்கவிடுவதும் கெடுதல். கம்பி முனை தெர்மகோலில் குழி போடும், மறுமுறை அடி விழுவது அந்தக் குழி இருக்கிற இடமாக இருக்கலாம். பெட்ரோல், தின்னர் கொண்டு துடைக்கவே கூடாது.

மொத்தமாக எண் வேண்டுமென்றால், 61 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட அறிக்கை 2008-ல் சொன்னது: ஹெல்மெட் போட்டவருக்கு விபத்தில் சாவு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறது.

காது விஷயம். ஹெல்மெட் ஹாரன் சத்தத்தைக் குறைக்கிறது, அதே அளவு எஞ்சின் சத்தத்தையும் குறைக்கிறது. இரைச்சலுக்கு மேலே ஹாரன் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பது மாறுவதில்லை. காது கேட்காமல் போவது உள்ளே செருகிய இயர்போனால்.

கழுத்து வலி உண்மை, ஆனால் காரணம் வேறு. முழு முக ஹெல்மெட் எடை பெரும்பாலும் 1.2 முதல் 1.5 கிலோ. அளவு பெரிதாக வாங்கினால் காற்று உள்ளே புகுந்து தலையைப் பின்னால் இழுக்கும், கழுத்து எதிர்த்துப் பிடித்தே களைத்துவிடும். புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே டேப் வைத்துச் சுற்றளவு பாருங்கள். 58 செ.மீ. என்றால் மீடியம், 60 லார்ஜ். போட்டுப் பட்டையை மாட்டியபின் கன்னம் லேசாக அமுங்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். பிடரிப் பக்கம் கை வைத்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்களுக்கு ஆகாது. கடையிலேயே கால் மணி நேரம் போட்டிருங்கள், நெற்றியில் வலியோடு சிவப்புக் கோடு விழுந்தால் அடுத்த அளவு.

பட்டை மாட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே பறந்துவிடும். 129-வது பிரிவே பட்டையால் இறுகக் கட்ட வேண்டும் என்கிறது. தாடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் போதும்.

ரோட்டோரச் சட்டித் தொப்பிக்குள் கையை விட்டுப் பாருங்கள், பஞ்சுக்குப் பின்னால் நேரே பிளாஸ்டிக் தட்டும். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. முத்திரைக்கு மேலே ஹெல்மெட்டுக்கான தர எண் ஐ.எஸ். 4151, கீழே உரிம எண் இருக்கும். அந்த உரிம எண்ணை, முத்திரை தருகிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையான கம்பெனியா என்று தெரிந்துவிடும்.

கனகாம்பரம்:

பெண்கள் பற்றிய கேள்விக்கு நான் வருகிறேன். பின்னால் உட்காருகிறவருக்கு எதற்கு என்று கேட்பது சுதந்திர வாதமே அல்ல. ஓட்டுகிறவர் கையில் பிரேக் இருக்கிறது, பள்ளம் வருவது கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தவருக்கு இரண்டும் இல்லை. ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போட்டால் மல்லாக்க விழுந்து முதலில் அடிபடுவது பின்மண்டை. டெல்லியில் பெண்களுக்கு விருப்பம்போல் என்று பல ஆண்டு விட்டுவைத்து, 2014-ல்தான் கட்டாயமாக்கினார்கள், சீக்கியப் பெண்கள் நீங்கலாக. அவள் தலைக்கு எதற்கு அந்தச் செலவு என்கிற முன்முடிவை "அவள் விருப்பம்" என்று பேர் மாற்றி மேடையில் வைக்காதீர்கள் தம்பி.

முடி கொட்டுவது: ஆண்களின் வழுக்கை ஹார்மோனாலும் பரம்பரையாலும் வருவது, ஹெல்மெட் வேரைத் தொடுவதில்லை. ஆனால் ஈரத்தலையோடு போட்டால் பொடுகும் பூஞ்சையும் வரும். அளவு பெரிதாகி உரசினால் முடி அறும். இறுக்கிக் கட்டின கொண்டையை ஹெல்மெட் மேலும் இழுத்தால் நெற்றியோரம் முடி விடும். ஆக, தலை காய்ந்தபின் மெல்லிய பருத்தித் துணி கட்டி, அதன்மேல் ஹெல்மெட். உள்துணி கழற்றும்படி இருந்தால் இரு வாரத்துக்கு ஒருமுறை ஷாம்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

பின்னல் பிடரிக்குக் கீழே தொடங்கட்டும். உச்சிக் கொண்டை, பெரிய கிளிப் இரண்டும் வேண்டாம். அடி விழுந்தால் கிளிப்பே மண்டையில் குத்தும். மல்லிகைச் சரத்தை ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே பின்னலில் வையுங்கள், இல்லையென்றால் வாழையிலையில் சுற்றிப் பையில் கொண்டுபோய் அங்கே வைத்துக்கொள்ளலாம். முந்தானையை இழுத்து மடிக்குள் செருகுங்கள். பின்சக்கரத்தில் பாதியளவாவது மூடுகிற சேலைத் தடுப்பும் கைப்பிடியும் கால்மிதியும் வண்டியோடு வர வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. அழகுக்காகத் தடுப்பைக் கழற்றுகிறவர்கள் சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

மேடைப்புறா:

மூவருக்கும் நன்றி. மிச்சிகனை முன்னே வைத்துக்கொள்கிறோம், முடி, காது, முப்பது எல்லாவற்றையும் வெட்டியாச்சு. ஒரே ஒரு சந்தேகம்: முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போகிற குழந்தைக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

சட்டப்பலகை:

நான்கு வயதுக்கு மேல் என்றால் 129-வது பிரிவுப்படி பெரியவரைப் போலவே ஹெல்மெட். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்கு 2022 பிப்ரவரியில் வெளியான விதி 2023 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது: குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கிற பாதுகாப்புப் பட்டை, குழந்தை அளவு ஹெல்மெட், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. பெரியவர் ஹெல்மெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் கண்ணை மறைத்துக்கொண்டு சுழலும், எடையும் அந்தக் கழுத்து தாங்காது. குழந்தையின் சுதந்திரத்துக்கு யார் பேசுவது என்று நடுவர் கேட்டால், உங்கள் அணி இந்த ஒன்றிலாவது விலக்குக் கேட்காமல் இருப்பது நல்லது.