வெளிநாட்டில் தங்க ஓட்டலா, வீட்டு விடுதியா? நம் பக்கத்து ஆட்களின் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவுக்கு இங்கிலாந்து கிளம்புகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகமாகிவிட்டார்கள். பி அண்ட் பி என்கிற வீட்டு விடுதியில் தங்கலாமா, ஓட்டலே போதுமா என்று பலரும் கேட்கிறார்கள். நாங்கள் அயித்தையையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டிலும் தங்கினோம். என் முடிவு இதுதான்: விமானம் இறங்குகிற ஊரில் ஓட்டல், நின்று நிதானமாகப் பார்க்கிற ஊரில் வீட்டு விடுதி. ஆனால் அந்த வீட்டில் வீட்டுக்காரர் குடியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் நான் ஓட்டலுக்கே போவேன்.

லண்டன் ஓட்டலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நள்ளிரவில் போய் நின்றோம், சாவி கொடுத்தார்கள், தூங்கினோம். அந்த நேரத்தில் அதைவிட வேறென்ன வேண்டும்?

யார்க் நகரத்தில் தங்கியது விக்டோரியா காலத்து வீடு. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று வீட்டுக்கார அம்மா முன்கூட்டியே மெயில் போட்டுக் கேட்டார். நாலிலிருந்து ஆறுக்குள் வந்தால் நல்லது என்றார். சமைப்பது, படுக்கை விரிப்பது, கதவு திறப்பது எல்லாம் அவர் ஒருத்தரே. எங்கள் ரயில் தாமதமானதும் போன் செய்தோம், வாசலில் இருக்கும் சாவிப் பெட்டியின் எண்ணைச் சொன்னார். சொல்லாமல் பத்து மணிக்குப் போய் நிற்கிற இடம் அது இல்லை.

காலைச் சாப்பாட்டுக்கு முதல் நாள் சாயங்காலமே ஒரு சீட்டு கொடுத்து, வேண்டியதில் டிக் அடிக்கச் சொன்னார். முட்டை, பேக்கன், சாசேஜ், காளான், வாட்டிய தக்காளி, பீன்ஸ், டோஸ்ட். பிளாக் புட்டிங் என்றும் ஒன்று இருந்தது. கேட்டால், பன்றி இரத்தத்தில் செய்வது. மறுநாள் சனிக்கிழமை, அயித்தை கவுச்சி தொடமாட்டார், முட்டையும் கூடாது. இதை நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அந்த அம்மா, தனிச் சட்டியில் செய்து தருகிறேன் என்றார். காலையில் ஒரு சின்னச் சட்டியை அடுப்படியிலிருந்து எடுத்து வந்தார். உள்ளே, வெளியே, அடிப்பக்கம் என்று அயித்தையிடம் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் அடுப்பில் வைத்தார். இருவருக்கும் பொதுவான மொழி என்று ஒன்றும் கிடையாது. காளானும் பீன்ஸும் வந்ததும் அயித்தை பருப்புப்பொடியைத் தூவி நிம்மதியாகச் சாப்பிட்டார். வெளிநாட்டில் அவர் வயிறாரச் சாப்பிட்ட காலைச் சாப்பாடு அதுதான். இன்னொன்று: இந்த மாதிரி வீடுகளில் காலைச் சாப்பாடு வாடகையிலேயே அடங்கும். ஓட்டலில் பல நேரம் தனியாகக் கட்டணும்.

குறையும் இருக்கிறது. லிப்ட் கிடையாது. மாடிப்படி குறுகல், செங்குத்து, மேலே கம்பளம் வேறு. முழங்கால் வலி இருக்கிறவர்களைக் கூட்டிப்போனால், கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

காரைக்குடி ஆச்சி சொன்ன மாதிரி வீட்டுக்காரர் குடியிருக்கிற விடுதி எனக்கு மலேசியாவின் பினாங்கில் கிடைத்தது. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு போனோம். பினாங்கின் தலைநகரமான ஜார்ஜ் டவுன் 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடுகள் பலவற்றைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். நாங்கள் தங்கியது ஒரு சீனக் குடும்பத்தின் வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நம் வளவு மாதிரியே. பலகைத் தளம் என்பதால் மேலே யார் நடந்தாலும் கீழே கேட்கும். மெல்லிய தூக்கக்காரர்களுக்கு அது ஒத்துவராது.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடிவதற்குள் முருகனின் வெள்ளி ரதம், ஊருக்குள் இருக்கும் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோவிலுக்குக் கிளம்பும். நாங்கள் குளித்துவிட்டு இறங்கினால், அந்த வீட்டுப் பெரியம்மா எங்களுக்கு முன்பே எழுந்து வாசலைக் கழுவிவிட்டு, தேங்காய்களைக் குவியலாக அடுக்கிக்கொண்டிருந்தார். ரதம் வரும்போது சீனக் குடும்பங்களும் வழியெல்லாம் சிதறுகாய் போடுவது அந்த ஊர் வழக்கம். என் மகன் கையிலும் இரண்டு தேங்காயைக் கொடுத்து, எந்த இடத்தில் நின்று உடைக்க வேண்டும் என்று காட்டினார். ஓட்டலில் இருந்திருந்தால் நாங்கள் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருப்போம்.

நம் ஐயாக்கள் அதே ஊரில், தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கிட்டங்கியில் இருந்தவர்கள். பகலெல்லாம் பெட்டியடியில் கணக்கு, இராத்திரி அங்கேயே படுக்கை, எல்லாருக்கும் சேர்த்து ஒரு சமையல்காரர். குளியலறையைப் பங்குபோடுவதற்கு நாம் இவ்வளவு யோசிக்க வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

மலேசிய ஓட்டல்களில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அங்கே போய்க் கட்டவேண்டியிருக்கலாம், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து:

எனக்கு ஓட்டல்தான். பாரிசில் இராத்திரி இரண்டு மணிக்கு அப்பச்சிக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. ரிசப்ஷனுக்குப் போன் போட்டேன். அந்தப் பையன் உடனே 15-ஐக் கூப்பிட்டான், பிரான்சில் மருத்துவ அவசரத்துக்கு அந்த எண். அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் எங்களிடம் கேட்டு பிரெஞ்சில் பதில் சொன்னான், லிப்டைப் பிடித்துவைத்து ஆட்களை மேலே கூட்டிவந்தான். அப்பச்சி நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தார். செலவுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ காப்பீடு இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்காகப் பேச ஒரு ஆள் இருந்ததை எதோடு ஒப்பிடுவது?

அதற்கடுத்து ஒரு ஊரில் வீட்டு விடுதி என்று போட்டிருந்த இடத்தில் தங்கினோம். சாவிப் பெட்டி, எண், காலியான அறை. வீட்டுக்காரரின் முகத்தையே பார்க்கவில்லை. வெந்நீர் வரவில்லை என்று அனுப்பிய செய்திக்குப் பதில் வந்தது மறுநாள் மத்தியானம். இதற்கா வீட்டு விடுதி?

காரைக்குடியிலிருந்து:

அண்ணே, அப்பச்சி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. உடம்புக்கு முடியாதவர்களோடு போனால் இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருக்கிற ஓட்டலே வேண்டும். இரண்டாவதாகச் சொன்னது வீட்டு விடுதியே இல்லை, வாடகைக்கு விட்ட காலி அறை. இணையத்தில் இரண்டும் ஒரே பட்டியலில் வருவதால்தான் குழப்பம். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விடுவதென்றால் பதிவு செய்திருக்க வேண்டும், வீட்டுக்காரரும் உடன் தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக விடுவதே சட்டப்படி தப்பு. யாராவது மலிவாக ஃபிளாட் தருகிறேன் என்றால் போகாதீர்கள்.

நான் இப்போது பணம் கட்டும் முன் மெயிலில் கேட்பது: இராத்திரி நீங்கள் அதே வீட்டில் இருப்பீர்களா, காலைச் சாப்பாடு யார் செய்வது, அறை எந்தத் தளம், குளியலறை எங்களுக்கு மட்டுமா. முதல் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் விட்டுவிடுகிறேன்.

தேவகோட்டைத் தம்பி, தைப்பூசத்துக்கு நாங்களும் வரலாம் என்றிருக்கிறோம். ரதம் போகிற தெருவிலேயே வேண்டும், அயித்தைக்குக் கீழ்த்தளம். அந்தப் பெரியம்மா வீட்டில் எவ்வளவு நாள் முன்னால் சொல்லிவைக்கணும்?

தேவகோட்டையிலிருந்து:

இப்போதே சொல்லிவிடுங்கள் ஆச்சி. முற்றத்தை ஒட்டிக் கீழே ஒரே ஒரு அறைதான் இருக்கிறது.