தியானம் பண்றவன் அநியாயத்தைப் பார்த்து கோபப்படலாமா?

கேட்டவர்: நிழல்மரம்

மூணு வருஷமா தினமும் காலைல ஆனாபானசதி, அதான் மூச்சைக் கவனிக்கற பௌத்த தியானம், உக்கார்றேன். போன மாசம் ஒரு தியான முகாமுக்குப் போனேன். அங்க கழிவறை கழுவற அம்மா, நாங்க எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பின்பக்கப் படிக்கட்டுல காத்திருந்து, தனித் தட்டுல வாங்கி அங்கேயே உக்காந்து சாப்பிட்டாங்க. ஏழாவது நாள்தான் இது என் கண்ணுல பட்டுச்சு. மூச்சு மூக்கு நுனியில படறதைக்கூட கவனிச்சவன், அத்தனை நாளும் இதைக் கவனிக்கலையேங்கறதுதான் இன்னும் உறுத்துது. பொறுப்பாளர்கிட்ட கேட்டா, "உங்க கோபத்தைப் பாருங்க, எழும், மறையும்"னாரு. கோபம் மறையும் சரி, அந்தத் தட்டு மறையலையே. நான் பண்றது பயிற்சியா, இல்ல கண்ணை மூடிக்கிட்டு தப்பிக்கிறதா?

மெதுநடை:
அவர் சொன்னது பாதி சரி. பகையால பகை தணியாதுன்னு புத்தர் வாக்கைத் தொகுத்த தம்மபதத்துலயே இருக்கு. ஆனா விடச் சொன்னது நம்ம கோபத்தை, அடுத்தவங்க வலியை இல்ல. ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க: அந்த அம்மா பேரு என்னன்னு கேட்டீங்களா?

ஓடைக்கல்:
ஆளவி ஊர்ல நடந்ததா ஒரு கதை உண்டு. தொலைஞ்ச மாட்டைத் தேடி அலைஞ்ச ஒரு ஏழை விவசாயி பசியோட புத்தர்கிட்ட வர்றார், அவர் வர்ற வரைக்கும் புத்தர் பேசவே ஆரம்பிக்கலை, வந்ததும் முதல்ல சோறு போடச் சொல்லி, சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் தம்மம், அதாவது தன் போதனையை, சொல்றார். பிக்குகள் முணுமுணுக்கறாங்க. பசியைவிடப் பெரிய நோய் இல்லைன்னு அவங்களுக்குப் பதில் சொல்றார். வாடின பூ அள்ளற வேலை பார்த்த சுனீதரைத் துறவிகள் சங்கத்துல சேர்த்ததும் அவர்தான். சாக்கிய இளவரசர்கள் துறவுக்கு வந்தப்ப அவங்க நாவிதர் உபாலிக்குத்தான் முதல்ல துறவு கொடுத்தார், அதுவும் அந்த இளவரசர்களே கேட்டு, தங்க கர்வம் அடங்கணும்னு. இப்படிப்பட்டவர் பேர்ல நடக்கற முகாம்ல தனித் தட்டா? எனக்கு மனசே ஆறலை.

கருநீலம்:
கோபம் வேண்டாம்னு சொல்றவங்க அம்பேத்கரைப் பாருங்க. இந்துவா சாகமாட்டேன்னு அறிவிச்சது 1935ல, நாக்பூர்ல லட்சக்கணக்கான மக்களோட பௌத்தம் ஏத்துக்கிட்டது 1956 அக்டோபர் 14ல. நடுவுல 21 வருஷம்! அந்தச் சூட்டை ஆறவும் விடாம, தன்னை எரிக்கவும் விடாம படிச்சு, யோசிச்சு, மக்களைத் திரட்டினார். நம்ம பக்கம் அயோத்திதாசர் 1898லயே சாக்கிய பௌத்த சங்கம் ஆரம்பிச்சிட்டார். இவங்களுக்கெல்லாம் தம்மமும் சமத்துவமும் ரெண்டு வேலையா இருந்ததே இல்ல, எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. போய்ப் பேசுங்க, தனியாப் போகாதீங்க.

நிழல்மரம்:
மெதுநடை கேட்டதுக்கு அப்புறம் தூக்கம் வரலை, பேரு கேக்கவே இல்ல நான். நேத்து போய் அந்த அம்மாவைப் பார்த்தேன், பேரு சொன்னாங்க, இங்க போடலை. எல்லாரோடயும் உக்காந்து சாப்பிட இஷ்டமான்னு கேட்டேன். "படிக்கட்டுல வெயில் அடிக்குது தம்பி, உள்ள உக்காந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா நான் கேட்டா வேலை போயிரும், நீங்க கேளுங்க"ன்னாங்க. முகாம்ல என்கூட இருந்த ரெண்டு பேர் வர்றேன்னிருக்காங்க, ஞாயித்துக்கிழமை மூணு பேருமா பொறுப்பாளரைப் பார்க்கப் போறோம், அந்த அம்மா சொன்னதா ஒரு வார்த்தை வராம பேசணும். காலைல உக்காரும்போது அந்தப் படிக்கட்டுதான் கண்ணு முன்னால வருது. வரட்டும்னு விட்டுட்டேன்.