செங்கடல் மீன் இனங்கள் வடக்கிலும் தெற்கிலும் வேறுபடுவது ஏன்?

கேள்வி

வணக்கம். செங்கடல் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் ஒரே கடல். இடையில் கண்ணுக்குத் தெரியும் தடுப்பு எதுவும் இல்லை. அப்படியிருந்தும், வடபகுதிப் பவளப்பாறைகளில் சாதாரணமாகக் காணப்படும் கீட்டோடான் ஆஸ்ட்ரியாகஸ் என்ற வண்ணத்துப்பூச்சி மீன் தெற்கே செல்லச் செல்ல அரிதாகிறது. செம்மஞ்சள் தலை கொண்ட கீட்டோடான் லார்வேட்டஸ் அங்கே மிகுதியாகிறது. உப்புத்தன்மை மட்டும்தான் இதற்குக் காரணமா? இக்கடலுக்கே உரிய இனங்கள் இத்தனை இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

உப்புத்தன்மைக்கு நாம் அளவுக்கு மீறிய இடம் கொடுத்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன். நிரந்தரமாக ஓடிவரும் ஆறு ஒன்றுகூட இல்லாத இக்கடலில் ஆண்டுக்குச் சுமார் 2 மீட்டர் நீர் ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யும் நீர், பாப் எல் மண்டெப் நீரிணை வழியாக ஏடன் வளைகுடாவிலிருந்து வந்து, வடக்கே நகர நகர உப்பேறி, தென்வாயிலில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 37 என்றிருந்த அளவு வடமுனையில் 40ஐத் தாண்டுகிறது. ஆனால் இரு முனைகளிலும் நன்றாக வாழும் மீன்கள் ஏராளமாக இருப்பதால், உப்பு ஒன்றே எல்லைக்கோடு போடுகிறது என்று கொள்ள முடியாது.

அதே நீர் ஊட்டச்சத்தையும் கொண்டுவருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஏறத்தாழ 20 பாகை வட அட்சரேகைக்குத் தெற்கே கடலடி அகன்று ஆழம் குறைகிறது. நீர் கலங்கலாகவும் நுண்மிதவை உயிரிகள் நிறைந்தும் இருக்கிறது. கடற்பாசிகள் செழிக்க, பவளப்பாறைகள் சிதறலாக வளர்கின்றன. வடக்கிலோ தெளிந்த நீரில் பவளச்சுவர்கள் செங்குத்தாக இறங்குகின்றன. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு இனங்களும் பவள உயிரிகளைக் கொத்தித் தின்பவை என்பதால், எந்தப் பவளம் எங்கே எப்படி வளர்கிறது என்பதோடு அவற்றின் பரவல் பிணைந்திருக்கிறது.

பதில் 2

மேலே உள்ள விளக்கம் இன்றைய பரவலுக்குப் பொருந்தும். இக்கடலுக்கே உரிய இனங்களுக்கு வரலாற்றையும் பார்க்க வேண்டும். இங்கு பதிவான ஏறத்தாழ 1,200 மீன் இனங்களில் ஏழில் அல்லது எட்டில் ஒன்று வேறெங்கும் கிடையாது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் இவ்விகிதம் இன்னும் அதிகம். நீரிணைக்கு அருகே கடலடியில் உள்ள மேட்டின் மீது நீரின் ஆழம் வெறும் 137 மீட்டர். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தபோது அந்த வாயில் ஏறக்குறைய அடைபட்டு, உள்ளே உப்பு 50ஐத் தாண்டியது. அக்காலத்து அடிமண் படிவுகளில் மிதவை ஃபோராமினிஃபெராக்கள் என்னும் ஓடுடைய நுண்ணுயிரிகளின் ஓடுகளே காணாமல் போகின்றன. அந்தக் கொடிய காலத்தை மீன்கள் கடலுக்குள்ளேயே ஒதுங்கித் தாண்டினவா, ஏடன் வளைகுடாவிலிருந்து பின்னர் திரும்பினவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியிருந்தாலும் இத்தகைய தனிமையே புதிய இனங்கள் பிரிய வழிசெய்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஆழ்கடல் மீன்களுக்கும் அந்த மேடு தடையாகிறதா?

பதில் 2

ஆம், அங்குதான் அதன் விளைவு மிகக் கடுமையானது. மேட்டைத் தாண்டிக் குளிர்ந்த ஆழ்நீர் உள்ளே வர முடியாததால், செங்கடலில் 2,000 மீட்டர் ஆழத்திலும் வெப்பநிலை 21 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. பெருங்கடல்களில் அந்த ஆழத்தில் அது 2 முதல் 4 பாகைதான். குளிருக்குப் பழகிய ஆழ்கடல் இனங்கள் இங்கே குடியேறவில்லை.

பதில் 3

இனப் பட்டியல்களை ஒப்பிடும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவை எப்படித் திரட்டப்பட்டன என்பதையும் பாருங்கள். இக்கடலின் மீன்களை முறையாக விவரிக்கத் தொடங்கிய பீட்டர் ஃபோர்ஸ்கால் 1763இல் யேமனில் இறந்தார். அவர் மீன்தோலைப் பாதியாக உரித்து, தாவரங்களைப் போலத் தாளில் ஒட்டி உலர்த்திய மாதிரிகள் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகின்றன. அவ்வாறு பொறுமையாகச் சேகரிக்காமல், நீந்திக்கொண்டே எண்ணும் முறையை மட்டும் நம்பினால், பவள இடுக்குகளில் ஒளிந்து வாழும் விரல்நுனி அளவுள்ள உளுவை மீன்கள் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும். எரித்திரியா, யேமன் கரைகளில் நடந்த ஆய்வுகள் எகிப்து, சவுதி அரேபியக் கரைகளில் நடந்தவற்றைவிட மிகக் குறைவு என்பதால், ஓர் இனம் தெற்கில் இல்லை என்று எழுதும் முன், அங்கே அதைத் தேடியவர் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.