துவர்ப்புக் குறைந்த, மெல்லிய சிவப்பு வைன்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

லியோன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் லியோன் நகரில் குடியேறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உடன் பணிபுரிவோர் வீட்டு விருந்துகளில் உணவோடு சிவப்பு வைன் பரிமாறுவது இங்கே இயல்பு. நானும் ஒரு கிண்ணம் அருந்தப் பழகிக்கொண்டேன். எனினும் அவற்றுள் பல என் வாய்க்கு ஒத்துவரவில்லை. சென்ற மாதம் போர்தோ பகுதியைச் சேர்ந்த, விலை கூடிய ஒரு வைனை மேசையில் இருந்த அனைவரும் மெச்சிக் குடித்தார்கள். எனக்கோ வாழைக்காய்த் துண்டைப் பச்சையாகக் கடித்துவிட்டதைப் போல நாக்கு தடித்து, ஈறெல்லாம் வறண்டு, அடுத்து உண்ட உணவின் சுவைகூடச் சரியாகத் தெரியவில்லை. இதற்குக் காரணம் டானின் என்னும் பொருள் என்று பின்னர் ஒருவர் விளக்கினார்.

வெள்ளை வைனுக்கு மாறிவிடுமாறு சிலர் கூறுகிறார்கள். ஆனால் சிவப்பு வைனில் எழும் செர்ரி மணமும் நாவற்பழத்தை நினைவூட்டும் மணமும் எனக்குப் பிடித்திருக்கின்றன. துவர்ப்பு மட்டுமே வேண்டாம். இனிப்பான வைனையும் நான் தேடவில்லை. மெல்லியதாகவும் இதமாகவும் தொண்டையில் இறங்கும் சிவப்பு வைன்கள் எவை? கடையில் அடுக்கியிருக்கும் புட்டிகளின் ஒட்டுத்தாளைப் பார்த்து அவற்றை எப்படி அடையாளம் காண்பது? அடுத்த மாதம் எங்கள் வீட்டில் ஆறு பேருக்கு விருந்து வைக்கிறேன். கோழிக் குழம்பும் புளி சேர்த்த எண்ணெய்க் கத்திரிக்காயும் சமைக்க எண்ணியிருக்கிறேன் என்பதையும் கருத்தில் கொண்டு பதில் அளித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாக்குவெட்டி எழுதியது:

வணக்கம் தம்பி. வைன் கடை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் வாழைக்காய் உவமை மிகப் பொருத்தமானது. துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாக எண்ணிப் பழகிய நமக்கு டானினை விளக்குவது எளிது. கொட்டைப்பாக்கிலும் கடுக்காயிலும் மாதுளந்தோலிலும் நெடுநேரம் கொதித்த தேநீரிலும் இருப்பது இதே குடும்பத்துப் பொருள்தான். அது உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைத் திரியச் செய்கிறது. நாக்குக்கு வழுவழுப்பைத் தரும் அந்தப் புரதங்கள் விலகியதும் வாய் சொரசொரப்பாகிவிடுகிறது. தேநீரில் பால் ஊற்றியதும் துவர்ப்பு அடங்குவது, டானின் பாலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு உமிழ்நீரை விட்டுவிடுவதால்தான். இறைச்சியோடும் பாலாடைக்கட்டியோடும் அருந்தும்போது அதே போர்தோ வைன் உங்கள் நண்பர்களுக்கு இனித்ததற்கும் இது ஒரு காரணம்.

திராட்சையில் டானின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கிறது. சதையில் மிகக் குறைவு. சிவப்பு நிறம் தோலிலிருந்து இறங்க வேண்டியிருப்பதால் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். அந்த ஊறல் நீள நீளத் துவர்ப்பும் ஏறும். பிறகு புதிய ஓக் பீப்பாயில் வைத்தால் மரத்தின் டானினும் ஓரளவு சேரும். ஆகவே எந்த இனத் திராட்சை, எத்தனை நாள் ஊறியது, எதில் வைக்கப்பட்டது என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டால் புட்டியைத் திறக்காமலேயே பாதி விடை கிடைத்துவிடும். நீங்கள் அருந்தியதில் பெரும்பாலும் கபெர்னே சோவின்யோன் கலந்திருக்கும். சிறு பழமும் தடித்த தோலும் கொண்ட அந்த இனம் துவர்ப்புக்குப் பெயர் போனது.

லியோனில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே என்று சற்றுச் சிரிப்பும் வந்தது, மன்னிக்கவும். உங்கள் நகருக்கு வடக்கே போஜொலே குன்றுகள் தொடங்கிவிடுகின்றன. அங்கே விளையும் கமே என்னும் திராட்சைதான் நீங்கள் தேடுவது. 1395ஆம் ஆண்டில் பர்கண்டியின் கோமகன் துணிவுமிக்க ஃபிலிப், இந்த இனம் விசுவாசமற்றது என்று பழித்து, தன் நாட்டிலிருந்து அதைப் பிடுங்கி எறியுமாறு ஆணையிட்டார். தன் நாட்டின் சிவப்புத் திராட்சை இனமான பினோ நுவாரின் பெருமையைக் காக்க அவர் அப்படிச் செய்தார் என்பார்கள். தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில்தான் அது தன் இடத்தைக் கண்டது.

அங்குள்ள செய்முறையும் துவர்ப்பைக் குறைக்க உதவுகிறது. பழத்தைக் கசக்காமல் குலை குலையாகவே தொட்டியில் நிரப்புகிறார்கள். அடியில் நசுங்கிய பழங்கள் நொதிக்கும்போது எழும் கரியமில வாயு தொட்டியை நிறைக்க, மேலே உள்ள முழுப் பழங்களுக்குள்ளேயே ஒருவகை நொதித்தல் தொடங்கிவிடுகிறது. நிறமும் பழ மணமும் சாற்றுக்குள் இறங்கிவிடும். ஊறல் சில நாட்களிலேயே முடிந்துவிடுவதால் விதையின் கடுமையான டானின் அவ்வளவாக இறங்காது.

நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளிவரும் போஜொலே நுவோவை மட்டும் குடித்துவிட்டு இந்தப் பகுதியை எடைபோட வேண்டாம். அறுவடை முடிந்து சில வாரங்களிலேயே புட்டிக்கு வரும் அதில் துவர்ப்பு மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் பலவற்றில் வாழைப்பழ மணமே மேலோங்கி நிற்கும், எனக்கு அது இரண்டாம் கிண்ணத்திலேயே சலித்துவிடும். போஜொலே-வில்லாஜ் என்று எழுதியதிலிருந்து தொடங்குங்கள். அதற்கு மேலே தத்தம் ஊர்ப் பெயரிலோ இடப் பெயரிலோ விற்கப்படும் 10 பகுதிகள் உண்டு. அவற்றுள் ஃப்ளரியும் சிரூப்லும் மென்மையானவை. மொர்கோன், மூலன்-ஆ-வான் ஆகியவை வாயில் சற்றுக் கனமாக உணரப்படுபவை என்பதால் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒட்டுத்தாள்களில் பெரும்பாலும் கமே என்ற சொல்லே இராது. பிரான்சில் ஊரின் பெயரைத்தான் எழுதுவார்கள், இனத்தை நாம்தான் அறிந்திருக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

மலையடிவாரம் எழுதியது:

நான் ஜுரா மலைப் பகுதியில் வசிக்கிறேன். பாக்குவெட்டி அண்ணா சொன்னவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இத்தனை பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்து, மறுபுறம் உள்ள விரல்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அது மெல்லிய வைன். எங்கள் பகுதியில் புல்சார் என்றொரு இனம் உண்டு. அதன் தோல் மிக மெல்லியது, வைனின் நிறமோ ரோஸே என்னும் இளஞ்சிவப்பு வைனென்று மயங்கும் அளவுக்கு வெளிறியது, துவர்ப்பு இருப்பதே தெரியாது. பினோ நுவாரும் அப்படியே. அல்சாஸ் பகுதியின் பெயரை ஒட்டுத்தாளில் இட்டு விற்க அனுமதிக்கப்பட்ட ஒரே சிவப்பு இனம் பினோ நுவார் என்பதால், அங்கிருந்து வரும் சிவப்பு வைனைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

பாக்குவெட்டி எழுதியது:

தங்கை கூறிய புல்சார் நல்ல பரிந்துரை. லியோனில் தேடினால் கிடைக்கும். ஆனால் நிறத்தை வைத்துத் துவர்ப்பைக் கணிக்கும் வழியை மட்டும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அந்த வழியில் சென்று வடக்கு இத்தாலியின் பரோலோவை வாங்கிவந்து திகைத்துப்போன வாடிக்கையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். பரோலோவைத் தரும் நெபியோலோ இனத்தின் நிறம் வெளிறியதுதான், விரல்கள் நன்றாகவே தெரியும். துவர்ப்போ கபெர்னேயையும் மிஞ்சக்கூடியது. அதே பியெமோந்தே மாநிலத்தில் விளையும் பார்பேரா இதற்கு நேர் எதிர். மை போன்ற நிறம், ஆனால் டானின் குறைவு. அதன் முதுகெலும்பு புளிப்புதான். பார்பேராவிலும் புதிய ஓக் பீப்பாயில் வைக்கப்படாததைக் கேட்டு வாங்க வேண்டும்.

தம்பி தம் கேள்வியில் மெல்லியது, இதமானது என்ற இரண்டையும் ஒன்றாகக் கேட்டிருக்கிறார். கடையிலும் பலர் அப்படித்தான் கேட்கிறார்கள். இவை இரண்டு தனித்தனிப் பண்புகள். பரோலோ பார்வைக்கு மெல்லியது, ஆனால் இதமானதன்று. கிரெனாஷ் என்னும் திராட்சை இனத்தின் வைன் இதமானது, துவர்ப்பும் அதிகமில்லை. ஆனால் பிரான்சின் தெற்கு ரோன் பள்ளத்தாக்கு வெயிலில் அதன் ஆல்கஹால் எளிதில் 14.5 விழுக்காட்டைத் தொட்டுவிடும், அதை மெல்லியது என்று யாரும் சொல்ல முடியாது. துவர்ப்பு என்று நீங்கள் நினைப்பது சில வேளைகளில் ஆல்கஹாலின் எரிவாகவோ பீப்பாயின் கசப்பாகவோகூட இருக்கலாம். வாயின் பக்கங்களில் நீர் ஊறினால் அது புளிப்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி வறண்டால் அது டானின்.

ஆகையால் கடையில் இரண்டு கோரிக்கைகளாகப் பிரித்துச் சொல்லுங்கள்: டானின் குறைவாக இருக்க வேண்டும், ஆல்கஹால் 13 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இரண்டாவது, ஒட்டுத்தாளிலேயே அச்சாகியிருக்கும். பின்புற ஒட்டுத்தாளில் ஓக் பீப்பாயில் வளர்க்கப்பட்டது என்ற வரி பெருமையாக எழுதப்பட்டிருந்தால் அந்தப் புட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம். கவிஸ்த் என்று அங்கே அழைக்கப்படும் தனி வைன் வணிகரிடம் செல்லுங்கள். 'சூப்ல்' என்ற ஒரு சொல்லைச் சொன்னால் இளக்கமான வைன் வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

கம்பம்காரன் எழுதியது:

இந்த வரிசையில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இத்தாலியின் வடகோடியில், போல்சானோ நகரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் ஸ்கியாவா என்னும் திராட்சை விளைகிறது. அங்கு ஜெர்மன் பேசுவோர் அதை ஃபெர்னாட்ச் என்கிறார்கள். கால்டாரோ ஏரியின் பெயரிலும் சாந்தா மதலேனா என்ற பெயரிலும் அதன் வைன்கள் விற்கப்படுகின்றன. வெளிறிய சிவப்பு, குறைந்த ஆல்கஹால், செர்ரியும் லேசான பாதாமும் கலந்த மணம், துவர்ப்பு பெயரளவுக்கு மட்டுமே. நான் அறிந்த சிவப்பு வைன்களில் குழம்பு வகைகளோடு இந்த அளவுக்குச் சண்டையிடாமல் இருப்பது வேறு இல்லை.

என் பெயரைப் பார்த்ததும் சிலர் ஊகித்திருக்கலாம். எனக்கு இந்த இனத்தின்மேல் சொந்தக்காரப் பாசமும் உண்டு. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இனம். அந்த இனத்தின் பெற்றோரில் ஒன்று ஸ்கியாவா குரோசா, மற்றொன்று அலெக்சாண்ட்ரியா மஸ்கட். லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நடப்பட்டு இன்றும் காய்க்கும் பெரிய திராட்சைக் கொடியும் அதே ஸ்கியாவா குரோசாதான்.

இனி உங்கள் விருந்து. மிளகாயின் காரம் ஆல்கஹாலின் எரிவையும் டானினின் கடுமையையும் கூட்டிக் காட்டும். கோழிக் குழம்போடு கபெர்னேயை வைத்தால் இரண்டும் பாழாகும். புளி சேர்ந்த கத்திரிக்காய்க்கு வைனிலும் அதற்கு ஈடான புளிப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் வைன் சப்பென்று தோன்றும். அங்கே பாக்குவெட்டி ஐயா குறிப்பிட்ட பார்பேரா நிற்கும், கமேயும் நிற்கும். பரிமாறும் சூடும் முக்கியம். டானின் மிகுந்த வைனைக் குளிரவைத்தால் துவர்ப்பு இன்னும் கூர்மையாகிவிடும். இந்த மெல்லிய வகைகளை மட்டுமே 12 முதல் 14 பாகை செல்சியஸ் வரை குளிரவைத்து அருந்தலாம், அப்போது பழ மணமும் தெளிவாக எழும். பரிமாறுவதற்கு முன் முக்கால் மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் போதும்.

லியோன்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விருந்து நேற்று நிறைவேறியது. கவிஸ்த் ஒருவரிடம் சென்று நீங்கள் சொன்னவாறே இரண்டு கோரிக்கைகளாகக் கேட்டேன்; ஃப்ளரி ஒன்றும் பீப்பாய் காணாத பார்பேரா ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். ஸ்கியாவா அவரிடம் இல்லை, வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஃப்ளரியைக் குளிரவைத்துக் கோழிக் குழம்போடு கொடுத்தேன். நாக்கு வறளாமல் ஒரு சிவப்பு வைனை முழுக் கிண்ணமும் அருந்தியது எனக்கு இதுவே முதல் முறை. பார்பேராவைத் தனியாகச் சுவைத்தபோது புளிப்பு அதிகமோ என்று ஐயுற்றேன், கத்திரிக்காயோடு சேர்ந்ததும் அது அடங்கிவிட்டது. அதில் பாதிப் புட்டி மிஞ்சியிருக்கிறது. அதை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பாக்குவெட்டி எழுதியது:

தக்கையை இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியிலேயே நிறுத்தி வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். இரண்டு மூன்று நாட்கள் தாங்கும். அதற்குப் பின் பழ மணம் போய்விடும். சிறிய புட்டி ஒன்று கைவசம் இருந்தால் விளிம்பு வரை ஊற்றி மூடுங்கள், உள்ளே காற்று குறைவதால் இன்னும் ஓரிரு நாள் கிடைக்கும்.