புதுப்பிப்பு: எங்க சபைக் கணக்கு கை மாறியது

போன மாசம் எழுதியிருந்தேன்: பாளையங்கோட்டைப் பக்கம் எங்க சின்ன கிறிஸ்தவ சபையில் காணிக்கைக் கணக்கு பல வருஷமா ஒரே அண்ணாச்சி கையில் இருக்கு, அவருக்கு அப்புறம் யாருன்னு மனம் நோகாம எப்படிக் கேட்கன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

சேகரகுருவும் (எங்க வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பான போதகர்) நானும் அவர் வீட்டுக்கே போனோம். "நானே சொல்லணும்னுதான் இருந்தேன் தம்பி, கண்ணு சரியா தெரியல"ன்னார். எனக்குத் தொண்டை அடைச்சிட்டு.

இப்போ ஆராதனை முடிஞ்சதும் காணிக்கைப் பையை மேசையில் கொட்டி மூணு பேர் எண்ணுறோம். ஒருத்தி கல்லூரிப் பிள்ளை. மூணு கையெழுத்து விழுந்த பிறகுதான் பணம் பெட்டிக்குப் போகும். அண்ணாச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கார். கைப்பிடி அரிசிப் பணத்தை (வீட்டில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வெச்சுக் கொடுக்கிற காணிக்கை) தனி வரியில் எழுதணும், அசனக் (சபை விருந்து) கணக்கோட கலக்கக் கூடாதுன்னு அவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

1903ல் நம்ம திருநெல்வேலி கிறிஸ்தவங்க பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தங்க சொந்தக் காணிக்கையில் ஆரம்பிச்சு, தெலுங்கு நாட்டுக்கு, தோர்ணக்கல் வரைக்கும் ஊழியர்களை அனுப்பினாங்க. கொடுத்த காசு போய்ச் சேரும்ங்கிற நம்பிக்கை இல்லாம அது நடந்திருக்காது.

ஞானஸ்நானப் பதிவேட்டில் கரையான் ஏறியிருக்கு. இந்த வாரம் அதைப் பார்க்கணும்.